மருத்துவப் பாடம்: ஓர் ஆராய்ச்சியாளரின் பிரசுரப் பட்டியலை வாசிப்பது எப்படி?



ஒரு விஞ்ஞானியை மேடையில் அறிமுகம் செய்யும்போது, "இவர் இருநூறு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டவர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாமும் வியந்து கைதட்டுகிறோம். ஆனால் அந்த இருநூறு கட்டுரைகளால் யாருக்கு என்ன நன்மை உண்டாயிற்று என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கட்டுரைகளின் தலைப்பே புரியாதபோது எதைக் கேட்பது என்று இருந்துவிடுகிறோம்.

மருத்துவ ஆராய்ச்சி பொதுமக்கள் பணத்தாலும் நன்கொடையாலும் நடைபெறுகிறது. ஆகவே ஒரு பிரசுரப் பட்டியலை எப்படி வாசிப்பது என்பதை ஓரளவு தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. இப்பாடத்தில் ஒரே ஒருவருடைய பட்டியலை எடுத்துக்கொள்வோம். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஆல்ஃபிரட் நட்ஸன். 1922-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்து 2016-இல் காலமானார். அவர் குழந்தைகள் மருத்துவர், மரபியலும் கற்றவர். கணிதத்தைக் கொண்டு புற்றுநோய்ச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டவர் அவர்.

1. நோயும் தாய் தகப்பன்மாரின் கேள்வியும்

குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். தமிழில் விழித்திரைப் புற்றுநோய் எனலாம். ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். கண்ணின் கருமணி வெள்ளையாக, பூனைக்கண் இருட்டில் மின்னுவதுபோல் மின்னும். சில பிள்ளைகளுக்கு முதலில் மாறுகண் தோன்றும்.

இந்நோயில் வெகுகாலமாக வைத்தியர்களைக் குழப்பிய ஒரு காரியம் உண்டு. சில பிள்ளைகளுக்கு இரண்டு கண்களிலும் கட்டி வரும். அவர்களுக்கு நோய் சீக்கிரமாகவே, பொதுவாக முதலாம் வயதையொட்டித் தெரிந்துவிடும். அவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கும் நோய் வரக்கூடும். வேறு சில பிள்ளைகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் ஒரு கட்டி வரும். அது சற்றுத் தாமதமாக, இரண்டு வயதளவில் தெரியவரும். இவர்களுடைய குடும்பத்தில் பெரும்பாலும் வேறு யாருக்கும் இந்நோய் இராது. இன்னும் சில குடும்பங்களில் தாத்தாவுக்கு நோய் இருந்திருக்கும், பேரனுக்கும் வரும், நடுவில் உள்ள தகப்பனாருக்கோ ஒன்றும் இராது.

ஒரே நோய் ஏன் இப்படி மூன்று விதமாக நடந்துகொள்கிறது? இது வைத்தியர்களின் கேள்வி. "எங்கள் அடுத்த பிள்ளைக்கும் வருமா, டாக்டர்?" இது தாய் தகப்பன்மாரின் கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருந்தது.

2. அவருக்கு முன் இருந்த கணக்கு

புற்றுநோயைக் கணக்கால் ஆராய்வதை நட்ஸன் தொடங்கவில்லை. 1953-இல் கார்ல் நார்ட்லிங் என்பவரும், 1954-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் ஆகிய இருவரும் வயதுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் பல புற்றுநோய்களில், வயது ஏற ஏற மரண விகிதம் வயதின் ஆறாம் அடுக்கைப் போல உயர்கிறது என்று கண்டார்கள். அதாவது வயது இருமடங்கானால் ஆபத்து 64 மடங்காகிறது. இதிலிருந்து, ஒரு செல் புற்றுநோய்ச் செல்லாக மாற ஆறு அல்லது ஏழு படிகளைக் கடக்க வேண்டியிருக்கலாம் என்று கருதினார்கள்.

ஆனால் பத்து மாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அறுபது எழுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நடக்கவேண்டிய ஏழு படிகள் பத்து மாதத்தில் நடந்து முடியுமா? நட்ஸன் குழந்தைகள் மருத்துவர் ஆனபடியால் இந்தக் கேள்வி அவர் கண்ணில் பட்டது. படிகள் மிகக் குறைவாக உள்ள ஒரு நோயை எடுத்துக்கொண்டால் அவற்றை எண்ணிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

3. 1971: நான்கு பக்கக் கட்டுரை

அப்போது அவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்தார். அங்கே 1944 முதல் 1969 வரை சிகிச்சைக்கு வந்த 48 குழந்தைகளின் விவரங்கள் பதிவேடுகளில் இருந்தன. 23 பேருக்கு இரண்டு கண்களிலும் நோய்; 25 பேருக்கு ஒரு கண்ணில். எந்த வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, எந்தக் கண், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பன எழுதப்பட்டிருந்தன. அவர் செய்த ஆராய்ச்சிக்குப் புதிய கருவியோ பரிசோதனைச் சாலையோ தேவைப்படவில்லை. இந்தப் பதிவேடுகளும், அதுவரை மற்றவர்கள் வெளியிட்ட அறிக்கைகளும், வரைபடத் தாளும் போதுமானவையாக இருந்தன.

அவர் கேட்ட கேள்வி இது: ஒவ்வொரு வயதிலும், "இன்னும் நோய் வெளிப்படாத" பிள்ளைகள் எத்தனை பங்கு மீதம் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு தற்செயல் நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பவர்களைக் கவனியுங்கள். நூறு பேர் காத்திருந்தால், ஒரு குறிப்பிட்ட காலத்தில் 50 பேர் கழிவார்கள். அதே அளவு காலம் மறுபடியும் சென்றால் 25 பேர் மீதம். பிறகு 12 அல்லது 13 பேர். இதை மடக்கை அளவில் வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தாகவேண்டும் என்றால், ஆரம்பத்தில் யாரும் அவ்வளவாகக் கழியமாட்டார்கள். முதல் நிகழ்ச்சி பலருக்கும் நடந்து முடிந்த பின்புதான் எண்ணிக்கை வேகமாகக் குறையும். அப்போது நேர்க்கோடு வராது. முதலில் படுத்து, பின்பு சரியும் வளைகோடு வரும்.

நட்ஸன் வரைந்து பார்த்தார். இரு கண் நோயாளிகளுக்கு நேர்க்கோடு வந்தது. ஒரு கண் நோயாளிகளுக்கு வளைகோடு வந்தது.

இதன் பொருள் என்ன? விழித்திரைச் செல்லில் இரண்டு திடீர் மாற்றங்கள் ஏற்பட்டால் புற்றுநோய் தொடங்குகிறது. முதல் வகைப் பிள்ளைகள் ஒரு மாற்றத்தோடேயே பிறக்கிறார்கள். அது அவர்களுடைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அவர்களுக்கு இன்னும் ஒரு தாக்குதல் போதும். இரண்டாம் வகைப் பிள்ளைகளுக்கோ இரண்டு தாக்குதல்களும் ஒரே செல்லில், பிறவிச் சொத்தாக அல்லாமல், தற்செயலாக நேர வேண்டும். இதையே பிற்காலத்தில் "இரு தாக்குதல் கொள்கை" என்று அழைக்கலானார்கள்.

4. கிண்ணமும் கடலையும்

நடுவில் ஒரு தலைமுறை தப்பிப்பது ஏன் என்பதற்கும் அதே கட்டுரையில் விடை இருக்கிறது. முதல் மாற்றத்தோடு பிறந்த ஒருவருக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் உண்டாகின்றன என்று நட்ஸன் கணக்கிட்டார். சராசரி மூன்று என்றால் எல்லாருக்கும் மூன்று என்று பொருளல்ல.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஓர் உதாரணம்: நூறு கிண்ணங்களை நெருக்கமாக அடுக்கி, 300 கடலைகளைக் குறிபாராமல் தூவுங்கள். எல்லாம் கிண்ணங்களுக்குள்ளேயே விழுந்தால் கிண்ணத்துக்குச் சராசரி மூன்று. ஆனாலும் ஏறத்தாழ 5 கிண்ணங்களில் ஒரு கடலையும் விழாது. 15 கிண்ணங்களில் ஒன்றுமட்டும் விழும். சிலவற்றில் ஆறும் ஏழும் விழும். கணிதத்தில் இதைப் பாய்சான் பரவல் என்கிறார்கள்.

இப்போது ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் ஒரு தடுப்பு வைத்து, ஒரு பக்கம் வலது கண், மறுபக்கம் இடது கண் என்று கொள்ளுங்கள். ஏறத்தாழ 60 கிண்ணங்களில் இரு பக்கமும் கடலை இருக்கும். 35-இல் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். 5-இல் எதுவும் இராது. மாற்றத்தைச் சுமந்தும் நோய் வராத தகப்பனார் அந்த 5 கிண்ணங்களில் ஒருவர். அவருக்கு நோய் இல்லை. ஆனால் தம் பிள்ளைக்கு மாற்றத்தைக் கொடுக்கக்கூடும். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களிலும் சிலர் மாற்றத்தோடு பிறந்தவர்களாக இருப்பது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது.

ஒரு செல்லில் இந்த மாற்றம் உண்டாகும் வேகத்தையும் அவர் மதிப்பிட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆண்டுக்கு ஒரு கோடியில் இரண்டு என்ற அளவு வந்தது. ஒரு செல்லைப் பொறுத்தவரை இது மிக அபூர்வம். ஆனால் வளரும் விழித்திரையில் இலட்சக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஆகவே எல்லாச் செல்களிலும் முதல் மாற்றத்தோடு பிறந்த பிள்ளைக்கு, இரண்டாவது மாற்றம் எங்காவது நேர்வது ஏறக்குறைய நிச்சயமாகிவிடுகிறது.

தாயோ தகப்பனோ செய்த தவற்றினால் அல்ல, கர்ப்பகாலத்தில் உண்ட உணவினால் அல்ல, யாருடைய கண்ணேறினாலும் அல்ல. ஒரு செல் பிரியும்போது நேர்ந்த தற்செயலான பிழை அது. பல குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை தந்த முதல் ஆறுதல் இதுதான்.

5. பின்வந்த கட்டுரைகள்: ஒரே கேள்வியின் தொடர்ச்சி

இனி அவருடைய பட்டியலில் அடுத்து வருபவற்றைப் பாருங்கள். 1972-இல் லூயிஸ் ஸ்ட்ராங் என்ற மருத்துவருடன் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கும், நரம்புத் திசுக்களில் வரும் நியூரோபிளாஸ்டோமா முதலியவற்றுக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்த்தார். கண்ணுக்குச் சொன்னது கண்ணோடு நின்றுவிடுகிறதா, மற்ற உறுப்புகளுக்கும் செல்லுமா என்று சோதித்தார்.

1975-இலும் 1978-இலும் ஹெர்பர்ட் ஹெத்கோட் என்னும் கணித அறிஞருடன் சேர்ந்து, முதல் கட்டுரையில் எளிமையாக விட்டிருந்த ஒரு காரியத்தைச் சீர்ப்படுத்தினார். விழித்திரைச் செல்கள் குழந்தைப் பருவத்தில் பெருகி, பின்பு முதிர்ந்து, பிரிவதை நிறுத்திவிடுகின்றன. பிரியாத செல்லில் ஆபத்தும் நீங்கிவிடுகிறது. செல்களின் இந்தப் பெருக்கத்தையும் முதிர்ச்சியையும் சமன்பாடுகளில் சேர்த்தபோது, இந்நோய் ஏன் ஐந்து வயதுக்குமேல் அரிதாகிவிடுகிறது என்பது விளங்கியது.

1976-இல் மற்ற மருத்துவர்களுடன் எழுதிய கட்டுரை, இந்நோயுள்ள சில பிள்ளைகளுக்கு 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருப்பதை எடுத்துக்காட்டியது. வரைபடத் தாளில் "முதல் தாக்குதல்" என்று மட்டும் இருந்ததற்கு இப்போது செல்லுக்குள் ஓர் இடம் கிடைத்தது. அந்த ஆண்டில் அவர் பிலடெல்பியாவில் உள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்துக்குச் சென்றார்.

1981-இல் சுரேஷ் மூல்காவ்கர் என்னும் இந்திய வம்சாவளி அறிஞருடன் எழுதிய கட்டுரை, பெரியவர்களின் புற்றுநோய்க்கே திரும்பி வந்தது. மூல்காவ்கர் மருத்துவமும் கணிதமும் ஆகிய இரண்டையும் கற்றவர். ஆறேழு படிகள் இல்லாமலே, இரண்டு மாற்றங்களைக் கொண்டே பெரியவர்களின் நோயையும் விளக்கக்கூடும் என்று இருவரும் காட்டினார்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: முதல் தாக்குதல் பட்ட செல்கள் எத்தனை வேகமாகப் பெருகுகின்றன, எத்தனை வேகமாக அழிகின்றன என்பதே அது. முதல் மாற்றத்தை உண்டாக்காத ஒரு பொருள்கூட, மாற்றமுற்ற செல்களைப் பெருகச் செய்தால் நோய்க்கு வழி திறந்துவிடும். கணித உயிரியலில் இன்றும் இந்த மாதிரியைப் பயன்படுத்துகிறார்கள்.

1990-களில் அவர் மரபுவழியாகச் சிறுநீரகக் கட்டி வரும் ஒருவகை எலிகளை மற்றவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். 2001-இல், தம் எழுபத்தொன்பதாம் வயதையொட்டி, தம்முடைய கொள்கையைத் தாமே திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோய்க்கு இரண்டு தாக்குதல்கள், "கூடவோ குறையவோ" என்று பொருள்படும் சொற்களை அதன் தலைப்பிலேயே வைத்தார்.

6. கணக்கு பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 48 என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு கணக்கு புள்ளிகளோடு பொருந்துவதால் மட்டும் அது உண்மை என்று ஆகிவிடாது. வேறொரு கணக்கும் அதே புள்ளிகளோடு பொருந்தலாம். இரண்டு தாக்குதல்களும் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளில் நேர்கின்றனவா என்பதையும் 1971 கட்டுரை முடிவாகச் சொல்லவில்லை.

அதை நிரூபித்தவர்கள் மற்றவர்கள். 1983-இல் வெப்ஸ்டர் கேவனீயும் அவருடைய குழுவினரும் கட்டியின் செல்களை ஆராய்ந்து, நல்ல பிரதியைச் சுமந்த 13-ஆம் குரோமோசோம் பகுதி அங்கே இழக்கப்படுவதைக் கண்டார்கள். 1986-இல் ஸ்டீபன் ஃபிரெண்ட், தாடியஸ் டிரைஜா, ராபர்ட் வைன்பர்க் ஆகியோரைக் கொண்ட குழு அந்த மரபணுவையே பிரித்தெடுத்தது. கட்டுரை வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் சென்றிருந்தன.

இந்த மரபணு புற்றுநோயை உண்டாக்குவது அல்ல, தடுப்பது. சைக்கிளின் இரண்டு பிரேக்குகளைப் போல ஒவ்வொரு செல்லிலும் இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றொன்றால் நிறுத்திவிடலாம். இரண்டும் அறுந்தால் சரிவில் வண்டி ஓடிவிடும். இப்படிப்பட்ட தடுப்பு மரபணுக்கள் பல பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டன; மார்பகப் புற்றுநோய், குடல் புற்றுநோய் ஆகியவற்றில் குடும்பவழி ஆபத்தை அறிய அவை உதவுகின்றன.

விதிவிலக்கும் உண்டு. இந்த மரபணுவில் குறை எதுவும் இல்லாமல், வேறொரு மரபணு பெருகிப்போவதால் உண்டாகும் விழித்திரைப் புற்றுநோயும் மிகச் சிலருக்கு இருப்பதை 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். ஆக, நட்ஸனின் தலைப்பில் இருந்த "கூடவோ குறையவோ" என்ற எச்சரிக்கை சரியே.

1998-இல் பீட்டர் நோவல், ஜேனட் ரவுலி ஆகியோருடன் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 2004-இல் ஜப்பானின் கியோட்டோ பரிசும் கிடைத்தது.

7. பிள்ளைகளுக்கு என்ன பயன்?

இன்று ஒரு பிள்ளைக்கு இந்நோய் கண்டால், இரத்தப் பரிசோதனையால் பிறவி மாற்றம் உண்டா என்று பார்க்க முடிகிறது. உண்டு என்றால், உடன்பிறந்தோரையும் அதே மாற்றத்துக்காகப் பரிசோதிக்கலாம். மாற்றம் உள்ள தம்பிக்கோ தங்கைக்கோ பிறந்த சில நாள்களிலிருந்தே கண் பரிசோதனை செய்து, கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே லேசர் முதலிய சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது. மாற்றம் இல்லாத பிள்ளை, மயக்கமருந்து கொடுத்து மீண்டும் மீண்டும் செய்யும் பரிசோதனைகளிலிருந்து தப்புகிறது. பெற்றோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மேலும், மாற்றத்தோடு பிறந்தவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பிற்காலத்தில் எலும்பு முதலிய இடங்களில் வேறு புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. அதனால் இன்று கூடியவரை அதைத் தவிர்க்கிறார்கள்.

ஆனால் இவையெல்லாம் பயன்பட வேண்டுமானால் பிள்ளை நேரத்தோடு வந்து சேர வேண்டும். கருமணியில் வெள்ளை ஒளி தெரிந்தாலோ, ஃபிளாஷ் வைத்து எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தாலோ, புதிதாக மாறுகண் தோன்றினாலோ தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு நோயாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும். நேரத்தோடு வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

8. பாடத்தின் சுருக்கம்

ஒரு பிரசுரப் பட்டியலைப் பார்க்கும்போது எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இவர் தொடர்ந்து கேட்டுவந்த கேள்வி எது? நட்ஸனின் முப்பது ஆண்டுக் கட்டுரைகளில் ஒரே கேள்வி ஓடுவதைக் கண்டோம்.

இரண்டாவது, பிந்திய கட்டுரைகள் முந்தியவற்றைச் சோதிக்கின்றனவா, திருத்துகின்றனவா? அல்லது அதையே திரும்பத் திரும்பச் சொல்லுகின்றனவா?

மூன்றாவது, யாரோடு சேர்ந்து எழுதினார்? குழந்தைகள் மருத்துவர் கணித அறிஞரோடும், மரபியல் அறிந்தவர்களோடும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

நான்காவது, அவர் சொன்னதை வேறொருவர் தனியாகச் சோதித்து உண்மை என்று கண்டாரா?

இன்னும் ஒன்று. 1971 கட்டுரையில் நட்ஸனின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆனால் 25 ஆண்டுகளாக ஒவ்வொரு குழந்தையின் வயதையும், கண்ணையும், குடும்ப விவரத்தையும் தவறாமல் எழுதிவைத்த மருத்துவர்களும் தாதியரும் பதிவறை ஊழியர்களும் இல்லாவிட்டால் அந்த வரைபடமே இல்லை. 1944-இல் வந்த குழந்தையின் அட்டையில் வயதை எழுதியவருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திராது. எந்த மருத்துவமனையிலும் நோயாளிப் பதிவேட்டைச் சரியாக எழுதுவது சிகிச்சையைச் சேர்ந்த வேலையே என்பதற்கு இந்த 48 பிள்ளைகளும் சாட்சி.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்:

1. இரு கண்களிலும் நோய் வந்தவர்களுக்கு நேர்க்கோடும், ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு வளைகோடும் கிடைத்தது ஏன்? உங்கள் சொந்த உதாரணத்தால் விளக்குங்கள்.

2. நோய் வராத தகப்பனாரிடமிருந்து பிள்ளைக்கு நோய் எப்படி வந்தது? கிண்ண உதாரணத்தைக் கொண்டு ஒரு தாய்க்கு எப்படி எடுத்துச் சொல்வீர்கள்?

3. உங்கள் தெருவில், பால்வாடியில், ஞாயிறு பள்ளியில் உள்ள சிறு பிள்ளைகளின் தாய்மாருக்குக் கண்ணில் தெரியும் வெள்ளை ஒளியைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்?